கீமேன் குப்புராஜ் வீடு மாறினார்

இண்டூர் வட்டாரத்தில் மேஸ்திரி மாரியப்பன் கட்டிய வீடுகள் நூறைத் தாண்டும். மாடி வைத்துக் கேட்டவர்கள் உண்டு, வாசல் தூணில் சிங்கம் வைத்துக் கேட்டவர்கள் உண்டு, பெங்களூரில் பார்த்த படத்தை செல்போனில் காட்டி அதே மாதிரி வேண்டும் என்று உயிரை எடுத்தவர்களும் உண்டு. ஆனால் ரயில்வே கோட்ரஸ் எப்படி இருக்கிறதோ அப்படியே கட்டிக் கொடு என்று வந்து நின்றவர் குப்புராஜ் ஒருவர்தான்.

"சார், கோட்ரஸ்ல இருக்கறவங்க எப்படா இந்தப் பொந்துல இருந்து வெளிய வருவோம்னு கெடப்பாங்க. நீங்க சொந்தக் காசப் போட்டு அதே பொந்தக் கட்டச் சொல்றீங்களே?" என்றார் மாரியப்பன்.

"பொந்துன்னா பொந்து. அளவு மட்டும் ஒரு விரக்கடை மாறக்கூடாது மாரியப்பா."

மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் அந்த கோட்ரஸ் வீட்டை குப்புராஜ் டேப் வைத்து அளந்து, பள்ளிக்கூடத்துக் கட்டம் போட்ட தாளில் வரைந்து கொண்டுவந்திருந்தார். உள்ளே நுழைந்ததும் ஒரு கூடம். இடது கைப்பக்கம் சமையல்கட்டு. எதிரே படுக்கை அறை. அதை ஒட்டிக் குளியலறை. சன்னல் இருக்கும் இடம், சுவிட்சு இருக்கும் உயரம், சாமி மாடத்தின் ஆழம் எல்லாம் அதில் இருந்தன. மாரியப்பன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சமையல்கட்டு ஈசானி மூலையில் விழுகிறதே என்று தலையில் கை வைத்தார்.

ஓசூரில் இருந்து மருமகன் மாதவராஜும் போனில் அதையேதான் சொன்னார். "ஈசானியத்துல அடுப்பு வெச்சா குடும்பத்துக்கு ஆகாதுங்க மாமா."

"இனி ஆகறதுக்கு என்ன மாப்பிள்ளை இருக்குது? அவளுக்கு அடுப்பு எங்கன்னு தெரிஞ்சாப் போதும்."



குப்புராஜின் மனைவி தீர்த்தம்மாளுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. மூன்று வருடமாக, கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் பேர்கள் போயின. அப்புறம் வழிகள் போயின. மார்க்கெட்டுக்குப் போனவள் திரும்பி வரத் தெரியாமல் ரேஷன் கடை வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஓசூரில் மகள் நிர்மலாதேவி வீட்டுக்கு நாலு நாள் கூட்டிப் போனபோது, குளியலறை தெரியாமல் பால்கனிக் கதவைத் தள்ளிக்கொண்டு நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். ஆனால் மொரப்பூர் கோட்ரஸுக்குள் வந்துவிட்டால் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு உப்பு டப்பாவை எடுப்பாள். விளக்கு ஏற்றுவாள், ரசம் வைப்பாள். இருபத்தாறு வருடம் புழங்கிய வீடு. மூளை மறந்ததைக் கை மறக்கவில்லை.

தருமபுரி டாக்டரும் அதைத்தான் சொன்னார். "இடத்த மாத்தாதீங்க. மாத்தித்தான் தீரணும்னா சாமான் எல்லாம் அதே மாதிரி, அதே இடத்துல இருக்கட்டும். இல்லேன்னா இருக்கறதும் போயிரும். உங்களையே தெரியாமப் போயிரும்."

கடைசியாக அவர் சொன்னதைத்தான் குப்புராஜ் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார்.

மாற்றாமல் இருக்க முடியுமா? அவர் ரயில்வேயில் கீமேன். தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கிப் பிடித்திருக்கும் கொக்கிக்கு அந்தக் காலத்தில் சாவி என்று பேர். தினமும் தன் எல்லைக்குள் தண்டவாளத்தின் மேலேயே நடந்து போய், கழன்ற சாவியைச் சுத்தியலால் அடித்து இறுக்குகிறவர் கீமேன். வேலை தெரியாதவர்கள் அவரை ஸ்டேஷன் சாவியை எல்லாம் வைத்திருப்பவர் என்று நினைத்துக்கொள்வார்கள். அவரும் மறுத்துச் சொல்ல மாட்டார். மாசி மாதத்தோடு அவருக்கு வயது அறுபது முடிந்தது. மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். சுத்தியல், ஸ்பானர், கொடி, ஆரஞ்சுச் சட்டை எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். கோட்ரஸை நாலு மாதத்தில் காலி செய்யச் சொன்னார்கள். இண்டூரில் அப்பா வழியில் வந்த மூன்று சென்ட் இருந்தது. அவசர அவசரமாக மாரியப்பனைப் பிடித்தது அப்படித்தான்.

வேலை முடிந்ததைத் தீர்த்தம்மாளுக்கு அவரால் புரியவைக்க முடியவில்லை. ஒரு முறை சொல்லிப் பார்த்தார். "சரிங்க" என்றாள். மறுநாள் காலை ஆறு மணிக்கு டிபன் பாக்ஸைக் கட்டிக் கையில் கொடுத்து, "ஏங்க, டூட்டிக்கு நேரமாச்சுங்க" என்றாள். வேறு என்ன செய்வது? வாங்கிக்கொண்டு கிளம்பினார். ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் வேப்பமரத்தடி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மத்தியானம் டப்பாவைத் திறந்தால் சில நாள் சோறு இருக்கும். சில நாள் ஊறவைத்த அரிசி இருக்கும். ஒரு நாள் மடித்து வைத்த கைக்குட்டை மட்டும் இருந்தது. டீக்கடையில் பன் வாங்கித் தின்றுவிட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடு திரும்பி, "கொழம்பு நல்லா இருந்துச்சு தீர்த்து" என்பார்.

அவர் வீடு திரும்புவதற்கு ஒரு முறை இருந்தது. கோட்ரஸ் வாசலுக்குப் பத்தடி முன்னால், இடுப்பளவு உயரத்துக்கு ஒரு தண்டவாளத் துண்டை எந்தக் காலத்திலோ யாரோ நட்டு வைத்திருந்தார்கள். அங்கே குடிவந்த நாளில் இருந்து, டூட்டி முடிந்து வரும்போது அதில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டுவார். ணங், ணங். நாள் முழுக்க இரும்பைத் தட்டுகிறவனுக்கு கை சும்மா இருக்குமா? அந்தச் சத்தம் கேட்டதும் தீர்த்தம்மாள் சொம்பில் தண்ணீரோடு வாசலுக்கு வருவாள். சுத்தியலை ஒப்படைத்த பிறகு ஒரு ஜல்லிக் கல்லைப் பொறுக்கி அந்தத் தண்டவாளத்தின் அடியிலேயே வைத்துக்கொண்டார். கல்லால் தட்டினாலும் அதே ணங், அதே சொம்பு. அது ஏதோ பழக்கம் என்று நினைத்திருந்தாரே தவிர, அதைப் பற்றி அவர் யோசித்ததே இல்லை.

கல்யாணமான நாளில் இருந்து தீர்த்தம்மாள் அவரிடம் "ங்க" போடாமல் பேசியது கிடையாது. சண்டையில்கூட, "நீங்கல்லாம் ஒரு மனுசனாங்க?" என்றுதான் கேட்பாள். கூப்பிடும்போது "ஏங்க". அவர் அவளைத் தீர்த்து என்பார், நீ என்பார், கோபம் வந்தால் ஏய் என்பார். ஊரில் எல்லோரும் அப்படித்தானே.

வீடு எழும்ப எழும்ப, குப்புராஜ் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் பட்டியல் எழுதினார். தண்டவாளத்தில் ஒரு கொக்கியையும் விடாமல் பார்த்துப் பழகிய கண். நிலைவாசலில் இருந்து ஆரம்பித்து, இடது பக்கமாகவே சுவரை ஒட்டி நடந்து, ஒவ்வொரு சாமானாக எழுதினார். அடுப்புக்கு மேல் பலகை, தரையில் இருந்து மூன்று முழம். அதில் முதல் டப்பா உப்பு, இரண்டாவது புளி, மூன்றாவது காலி, அதையும் எடுக்கக் கூடாது. கட்டில், தலைமாடு கிழக்கே. கட்டிலில் இருந்து குளியலறைக் கதவு, அவள் காலுக்கு ஒன்பது எட்டு. கண்ணாடி, விரிசல் விழுந்த பக்கம் மேலே. கூடத்தில் தினசரி காலண்டர். அது இரண்டு வருடத்துக்கு முந்தைய காலண்டர். ஒரு ஐப்பசி மாதத்து வியாழக்கிழமையோடு அவள் கிழிப்பதை நிறுத்தியிருந்தாள். அந்தத் தாள் வழியில் கிழிந்துவிடாமல் இருக்கச் செல்லோடேப் ஒட்டச் சொல்லி எழுதினார். மொத்தம் அறுபத்து மூன்று.

மாரியப்பனுக்குப் பொறுக்க முடியாமல் போனது சாமி மாட விஷயம்தான். புது வெள்ளை அடித்த சுவரில் மாடத்துக்கு மேலே மெழுகுவத்தியைக் காட்டிக் கரி பிடிக்க வைக்கச் சொன்னார் குப்புராஜ். கோட்ரஸில் விளக்குப் புகை பட்டுப் பட்டு அப்படித்தான் இருந்தது.

"சார், பால் காய்ச்சறதுக்கு முன்னாடி கரி பூசச் சொல்ற ஆள நான் கண்டதில்ல" என்றார் மாரியப்பன். சொல்லிவிட்டு, தானே ஸ்டூல் மேல் ஏறி மெழுகுவத்தியைப் பிடித்தார். அன்றைக்கு அவர் கூலி வாங்கிக்கொண்டு சீக்கிரமாகவே போய்விட்டார்.

ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சியாக வேண்டும் என்று ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் வைத்தார்கள். நிர்மலாதேவி வந்து முன்னால் நின்று செய்தாள். தீர்த்தம்மாளைக் காரில் கூட்டிவந்து ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். பட்டுப் புடவையோடு நாற்காலியில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டவள், பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "யாரு வூட்டு விசேசங்க? சாப்பாடு நல்லாருக்குது" என்றாள். வீடு அப்போது வெறும் வீடாக இருந்தது. சாமான் வந்துவிட்டால் சரியாகிவிடும் என்று குப்புராஜ் மகளுக்குச் சொன்னார். தனக்கும் சொல்லிக்கொண்டார்.

கிளம்பும்போது நிர்மலாதேவி நோட்டை வாங்கிப் புரட்டினாள். "அப்பா, இதுல எல்லாம் அம்மாவோட சாமானாவே இருக்குது. உங்களுது ஒண்ணையும் எழுதலையே?"

"எனக்கென்ன சாமான்? ரெண்டு சட்ட, ஒரு துண்டு. நான் எங்க இருந்தா என்ன?"

மகள் சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரித்திருக்க வேண்டியது இல்லை.

சாமான் ஏற்றும் நாளுக்கு அவர் போட்ட திட்டம், ஒரு ரயிலைப் பிரித்துக் கோர்ப்பதற்குப் போடும் திட்டத்துக்குக் குறைந்தது இல்லை. அவள் கண் முன்னால் ஒரு டப்பாவைக்கூட எடுக்கக் கூடாது. எடுத்தால் மிரண்டு போவாள். அதனால் வழக்கம்போல் காலையில் டிபன் பாக்ஸோடு டூட்டிக்குப் போவது. போனதும் பக்கத்து கோட்ரஸ் குல்ஷன் வந்து அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போவது. குல்ஷனின் கணவர் அப்துல் ரஷீத், ரயிலைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். பதினைந்து வருடப் பழக்கம், அங்கே போவது தீர்த்தம்மாளுக்குப் புதிது இல்லை. அவள் உள்ளே போனதும் வண்டி வருவது, மூன்று ஆள், ஒன்றரை மணி நேரத்தில் ஏற்றுவது. இண்டூரில் இறக்கி, முந்தின நாளே தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு வைத்த இடங்களில் எல்லாவற்றையும் வைப்பது. மத்தியானச் சாப்பாடு முடிந்து அவள் கண் செருகும் நேரத்தில் குல்ஷன் அவளைக் காரில் கூட்டி வருவது. காரில் தூங்கி, தன் வீட்டில் விழிப்பாள்.

திட்டம் பிசகாமல் நடந்தது. காலையில் தீர்த்தம்மாள் டப்பாவைக் கொடுத்து, "ஏங்க, வெயில்ல பாத்து நடங்க" என்றாள். அவர் தெருமுனை வரைக்கும் போய், கம்பி வேலிக்குப் பின்னால் பதுங்கிச் சுற்றி வந்து, தன் வீட்டுக்குள் திருடனைப் போல நுழைந்தார். ஆள்களிடம் சைகையிலேயே பேசினார். இரும்புக் கட்டிலைக் கழற்றும்போது ஒரு சத்தம் எழுந்தது. பக்கத்து வீட்டில் இருந்து தீர்த்தம்மாளின் குரல் கேட்டது. "என்ன குல்சா சத்தம்?"

"கூட்ஸ் வண்டிக்கா, போயிட்டிருக்குது" என்றாள் குல்ஷன்.

வீடு காலியானதும் குப்புராஜ் ஒரு முறை உள்ளே நடந்து பார்த்தார். சுவரில் காலண்டர் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. பூட்டினார். சாவியை ஒப்படைக்க அப்துல் ரஷீத் கையில் கொடுத்தார். வாசலில் நின்ற தண்டவாளத் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் வண்டியில் போய் ஏறினார். அதை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ரயில்வே சாமானில் கை வைக்கிற ஆள் அவர் இல்லை. கொக்கி திருடிய இரண்டு பேரை விரட்டிப் பிடித்துக் கொடுத்தவர்.

இரண்டரை மணிக்கு கார் இண்டூர் வீட்டு வாசலில் வந்து நின்றது. குப்புராஜ் கூடத்து ஓரமாக, கதவுக்கு மறைவில் நின்றுகொண்டார். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தார். தூக்கக் கலக்கத்தோடு குல்ஷனின் கையைப் பிடித்துக்கொண்டு தீர்த்தம்மாள் படி ஏறினாள். நிலைவாசலில் நின்றாள். காலண்டரைப் பார்த்தாள். மாடத்தைப் பார்த்தாள், அதற்கு மேல் இருந்த கரியைப் பார்த்தாள். பிறகு கையை உருவிக்கொண்டு நேரே இடது பக்கம் திரும்பி, சமையல்கட்டுக்குள் போய், பலகையில் இருந்து இரண்டாவது டப்பாவை எடுத்துத் திறந்து, "புளி தீந்துபோச்சே குல்சா" என்றாள்.

குல்ஷன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குப்புராஜுக்குக் கண்ணில் நீர் கொட்டியது. அறுபது வயது ஆம்பிளை அழுகிறாரே என்று யாரும் பார்க்கவில்லை. பார்த்தாலும் அவர் கவலைப்பட்டிருக்க மாட்டார்.

கதவு மறைவில் இருந்து வெளியே வந்தார். தீர்த்தம்மாள் அவரைப் பார்த்தாள். முகத்தில் ஒரு மிரட்சியும் இல்லை. "ஒக்காருங்க" என்றாள். "காப்பி குடிக்கிறீங்களா?"

அவர் உட்கார்ந்தார். அவள் காப்பி போட்டாள். டம்ளர் இருந்த இடம், சர்க்கரை இருந்த இடம், வடிகட்டி மாட்டியிருந்த ஆணி, ஒன்றையும் அவள் தேடவில்லை. கொண்டுவந்து கொடுத்து, "சக்கரை போதுங்களா?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் அவள் அப்படிக் கேட்டதே இல்லை. குப்புராஜ் நெகிழ்ந்து போனார். "போதும் தீர்த்து, தேனாட்டம் இருக்குது" என்றார். நோய் வந்த பிறகு அவள் போட்ட காப்பிகளில் அதுதான் ருசி என்று தோன்றியது.

மூன்றரை மணிக்கு குல்ஷன் அதே காரில் திரும்பிப் போனாள். போகும்போது, "அல்லா கண்ணத் தெறந்துட்டாரு அண்ணே" என்றாள். குப்புராஜ் மகளுக்குப் போன் போட்டார். "உங்கம்மா வந்ததும் புளி டப்பாவத் தெறந்தா பாரு!" என்று ஆரம்பித்து, ஒன்றையும் விடாமல் சொன்னார். மாரியப்பனுக்கும் போன் போட்டார். "ஈசானி மூலை ஜெயிச்சுட்டுது மேஸ்திரி" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவர் பேசி மாரியப்பன் கேட்டதில்லை.

ஐந்து மணி ஆனது. தீர்த்தம்மாள் முகம் கழுவி, பொட்டு வைத்து, சொம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து நிலைவாசலுக்கு உள்ளே தரையில் உட்கார்ந்தாள். சொம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். வாசலைப் பார்த்தபடியே இருந்தாள்.

குப்புராஜ் பக்கத்தில் வந்து நின்றார். "என்ன தீர்த்து, இங்க வந்து ஒக்காந்துட்ட?"

"எங்கூட்டுக்காரரு வர்ற நேரமுங்க" என்றாள். "காலையில டூட்டிக்குப் போனவரு. இன்னும் காணோம். நீங்க ஒக்காருங்க, வந்துருவாரு. வந்தா சத்தம் கேக்கும்."

குப்புராஜுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு மத்தியானப் பேச்சு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஒக்காருங்க. காப்பி குடிக்கிறீங்களா. சக்கரை போதுங்களா. மத்தியானத்தில் இருந்து அவள் பேசிய ஒவ்வொரு பேச்சிலும் "ங்க" இருந்தது. அதைக் கேட்டுக் கேட்டுத்தானே அவர் பூரித்துப் போனார். கட்டிய புருசனுக்கும் அதே "ங்க". தெரியாத ஆளுக்கும் அதே "ங்க". எந்த "ங்க" என்று பிரித்துப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. புருசனுக்குப் போட்ட காப்பியில் சர்க்கரை போதுமா என்று எந்தப் பொண்டாட்டி கேட்பாள்? வந்ததில் இருந்து அவள் ஒரு தடவைகூட "ஏங்க" என்று கூப்பிடவில்லை.

அறுபத்து மூன்று சாமானும் வந்து சேர்ந்திருந்தன. அவர்தான் வந்து சேரவில்லை. டூட்டிக்குப் போகிறேன் என்று காலையில் வெளியே போனவர், அவள் கணக்கில் இன்னும் வெளியேதான் இருந்தார். பட்டியலை நிலைவாசலில் இருந்து உள்பக்கமாக எழுதிய புத்திசாலி, வாசலுக்குப் பத்தடி வெளியே எழுந்த சத்தத்தை எழுதவில்லை.

சட்டென்று அவர் வெளியே போனார். மாரியப்பனின் ஆள்கள் விட்டுப்போன சுத்தியல் ஒன்று மணல் குவியல் மேல் கிடந்தது. அதை எடுத்து, புது இரும்பு கேட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். தகரம் அதிர்வது போல டப், டப் என்றது. உள்ளே எட்டிப் பார்த்தார். தீர்த்தம்மாள் அசையவில்லை. தண்ணீர்க் குழாயில் தட்டினார். மீந்து கிடந்த கம்பி ஒன்றைத் தூக்கிப் பிடித்துத் தட்டினார். பைத்தியம் பிடித்தவர் மாதிரி அந்த வாசலில் இருந்த ஒவ்வொரு இரும்பையும் தட்டினார்.

"என்னங்க, கேட்டு ரிப்பேருங்களா?" என்று உள்ளே இருந்து கேட்டாள் அவள்.

அவர் சுத்தியலைக் கீழே போட்டார். குல்ஷனுக்குப் போன் போட்டார். அவள் அப்போதுதான் வீட்டுக்குள் கால் வைத்திருந்தாள்.

"குல்ஷன், உங்க வாசலுக்குப் போம்மா. எங்கூட்டு முன்னாடி இருக்கற தண்டவாளத்துக்கு அடியில ஒரு கல்லு இருக்கும். எடுத்து ரெண்டு தட்டு தட்டும்மா. போன பக்கத்துல பிடி."

"எதுக்குண்ணே?"

"தட்டும்மா."

அவள் செருப்பு போடாமல் ஓடுவது போனிலேயே தெரிந்தது. குப்புராஜ் ஸ்பீக்கரைப் போட்டு, கேட்டுக்கு வெளியே போய், பத்தடி தள்ளி, டூட்டி முடிந்து வரும்போது நிற்கும் இடத்தில் நிற்பது போல நின்றார். போனைத் தூக்கிப் பிடித்தார்.

ணங், ணங்.

நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து வந்தாலும் அது அந்தச் சத்தம்தான். தீர்த்தம்மாள் துள்ளி எழுந்தாள். அவள் முகம் மலர்ந்ததை குப்புராஜ் பார்த்தார். சொம்பை எடுத்துக்கொண்டு, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, படி இறங்கி கேட்டுக்கு வந்தாள். அவருக்கு நேர் எதிரே வந்து நின்றாள். அவர் கையை நீட்டினார்.

அவள் அவருடைய தோளுக்கு மேலே எட்டி, பென்னாகரம் ரோட்டைப் பார்த்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் பார்த்தாள். ஒரு டவுன் பஸ் போனது.

"சத்தம் கேட்டுதுங்களே" என்றாள். "ஆளக் காணோமே. நீங்க பாத்தீங்களா?"

போனுக்குள் இருந்து குல்ஷன், "அண்ணே, போதுமாண்ணே? இன்னொரு தட்டுத் தட்டட்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார்.

"வந்துருவாரு" என்றார். "உள்ள வா... வாங்க. உள்ள போயி ஒக்காருவோம்."

அவள் திரும்பி நடந்தாள். நிலைவாசலைத் தாண்டி, பழைய இடத்திலேயே உட்கார்ந்து, சொம்பைப் பக்கத்தில் வைத்தாள். தண்ணீர் பாதி சிந்தியிருந்தது. குப்புராஜ் தன் வீட்டுப் படியில், உள்ளே போவதா வேண்டாமா என்று நின்றார். கல்யாணமாகி முப்பத்து நாலு வருடத்தில் முதல் தடவையாக அவளிடம் "ங்க" போட்டு அனுமதி கேட்டார்.

"அவரு வர்ற வரைக்கும் நான் இங்க ஒக்காந்துக்கட்டுங்களா?"

தீர்த்தம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பாவம், எவ்வளவு தூரத்தில் இருந்து வந்தவரோ என்று நினைத்திருப்பாள் போல. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள்.

"ஒக்காருங்க. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றாள். "தங்கமான மனுசனுங்க."

குப்புராஜ் உட்கார்ந்தார். இருவரும் வாசலைப் பார்த்துக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தார்கள்.